ஆறு ரூபாய் தூரம்

ஓசூரில் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகம் ஆரம்பம். பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்குள் வராதவை, மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் குறைத்தது. நவம்பரில் கர்நாடகம் இரண்டுக்குமே 7 ரூபாய் குறைத்தது. டீசல் அந்தப் பக்கம் லிட்டருக்கு ஏறக்குறைய 6 ரூபாய் மலிவாகிவிட்டது.

"வாங்க ஸார், ஒரு நடை போய் ரொப்பிக்கொண்டு வந்துவிடலாம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

கணக்குப் போட்டேன். என் காருக்கு 30 லிட்டர். மிச்சம் 180 ரூபாய். போகவர ஒரு லிட்டர் எரியும். நெரிசலில் ஒரு மணி நேரம் போகும். மிஞ்சுவது சுமார் 90 ரூபாய். 300 லிட்டர் பிடிக்கும் லாரிக்காரருக்கோ 1,800 ரூபாய் லாபம். அதுவும் போகிற வழியிலேயே. அவர் ஏன் ஓசூரில் நிற்கப் போகிறார்?

நான் போகவில்லை. வழக்கமான பங்க்கிலேயே போட்டுக்கொண்டேன். "லாரியே வர்றதில்லை ஸார். ராத்திரி ஷிப்டை எடுத்துடுவாங்களாம்" என்றான் அங்கே டீசல் போடும் பையன். என்னுடைய 30 லிட்டர் அவன் வேலையைக் காப்பாற்றிவிடுமா, என்ன?

2024 ஜூனிலும் 2025 ஏப்ரலிலும் கர்நாடகம் டீசல் வரியை ஏற்றியது. வித்தியாசம் சுருங்கிவிட்டது. அந்தப் பங்க்கில் லாரிகள் மறுபடியும் நிற்கின்றன. பையனைத்தான் காணோம்.