சேட்டைக்கு ஒரு நேரம் உண்டு

நாள் முழுக்கச் சேட்டை செய்யும் பிள்ளை என்று யாரும் இல்லை. சேட்டைக்கு ஒரு நேரம் உண்டு. எந்த நேரம் என்று கண்டுபிடித்துவிட்டால் ஆசிரியரின் வேலையில் பாதி முடிந்தது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு நடத்துகிறேன். என் மேசையில் ஒரு நோட்டு எப்போதும் இருக்கும். யார் யாரை அடித்தான், யார் கத்தினான் என்பதெல்லாம் அதில் இருக்காது. சத்தம் கிளம்பியபோது என்ன பாடம் நடந்தது, என்ன வேலை கொடுத்திருந்தேன், அந்தப் பிள்ளை கடைசியாக எழுதிய வரி எது, இவ்வளவுதான் குறித்துவைப்பேன். சில வாரங்கள் எழுதிய பிறகு புரட்டிப் பார்த்தால், ஒவ்வொரு பிள்ளையின் சேட்டையும் ஏதோ ஒரு பாடத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

ஒரு பையனைச் சொல்கிறேன். கழித்தல் கணக்கு தொடங்கியதும் அவன் கையிலிருந்து ரப்பர் பறக்கும். பக்கத்துப் பையனின் சட்டையை இழுப்பான், தண்ணீர் குடிக்க எழுந்து போவான். கூட்டல் கணக்கில் இதெல்லாம் கிடையாது. அவன் நோட்டில் 500-இலிருந்து 340-ஐக் கழித்து 240 என்று எழுதியிருந்தான். பூஜ்ஜியத்திலிருந்து நாலு போகாது என்பதால் நாலிலிருந்து பூஜ்ஜியத்தைக் கழித்துவிட்டான். பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண் போகும் என்ற விதியை அவன் எல்லா இடத்திலும் விடாமல் கடைப்பிடிக்கிறான். கவனமில்லாத பிள்ளை இப்படி ஒரே மாதிரி தவறு செய்யமாட்டான். அவனிடம் ஒரு முறை இருக்கிறது, அது தவறான முறை. அவ்வளவுதான்.

அவன் அம்மா மீன் விற்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இவன்தான் சில்லறை கொடுப்பான். அதே கணக்கை மீன் கணக்காகக் கேட்டேன். கண்ணிமைக்கும் முன் பதில் வந்தது. "நாப்பதுல இருந்து நூறுக்கு அறுபது, நானூறுல இருந்து ஐநூறுக்கு ஒரு நூறு. நூத்தி அறுபது. இதுக்கு இன்னாத்துக்கு மிஸ் கடன் வாங்கணும்?"

நியாயமான கேள்வி. அவன் கீழிருந்து மேலே ஏறிக் கணக்குப் போடுகிறான். புத்தகம் மேலிருந்து கீழே இறங்கச் சொல்கிறது. அவன் சொன்ன வழியை அவன் வாயாலேயே வகுப்புக்குச் சொல்லவைத்து, ஒரு கோடு போட்டு 340, 400, 500 என்று கரும்பலகையில் குறித்தேன். பிறகு விளையாட்டு நோட்டுகளை எடுத்து, ஐந்து நூறு ரூபாய்த் தாள்களில் ஒன்றைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றச் சொன்னேன். நான்கு நூறு, பத்துப் பத்து. இப்போது நாலு பத்தை எடுக்க முடிகிறது. புத்தகம் எதைக் கடன் என்கிறது என்பது அன்றைக்குத்தான் அவனுக்குப் பிடிபட்டது. கழித்தல் நேரத்தில் ரப்பர் பறப்பது படிப்படியாக நின்றது. தமிழ்ப் பாடத்தில் பார்த்து எழுதச் சொன்னால் இன்னும் எழுந்து திரிகிறான். அங்கே சிக்கல் வேறு, அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இது ஒரு பையனின் கதை மட்டும் இல்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் ஆய்வு செய்து, 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சந்தையில் சிக்கலான கணக்கை மனதிலேயே போடும் பிள்ளைகள், அதே அளவுக் கணக்கைப் பள்ளிப் பாணியில் கொடுத்தால் திணறினார்கள். பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பொருள் விற்ற சிறுவர்களிடம் 1980-களிலேயே இதே நிலையைப் பார்த்திருக்கிறார்கள். காசிமேட்டுப் பிள்ளைக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கடல்தான் வித்தியாசம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். பயிற்சி வகுப்புகளில், பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்வார்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் பிரித்துப் பாடம் நடத்தினால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் மற்ற உளவியலாளர்களும் 2008-இலேயே எழுதிவிட்டார்கள். என் வகுப்பறையும் அதையேதான் சொல்கிறது. அந்தப் பையனைச் 'செய்து கற்பவன்' என்று முத்திரை குத்தியிருந்தால், அவனுடைய 240 எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்த்திருக்கமாட்டோம். பிள்ளையின் வகையைவிட, இந்தப் பாடத்தில் எந்தப் படியில் நிற்கிறது என்பதே ஆசிரியருக்குத் தெரியவேண்டியது.

இதை நாங்கள் கற்றுக்கொண்டது செயல்வழிக் கற்றலில். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் காலத்தில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய முறைதான் அதற்கு முன்மாதிரி. 2007-08-இல் தமிழ்நாடு முழுக்கப் போனது. பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து, கற்றல் ஏணியில் தன் படியைப் பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்துவரும் பிள்ளைக்குச் சேட்டை செய்ய நேரம் குறைவு. ஆசிரியரின் முழு உதவி வேண்டியவர்கள் ஒரு குழு, சக மாணவர் உதவி போதும் என்பவர்கள் வேறொரு குழு. குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, வகுப்பு இரைச்சலாக இருந்தது, 'டீச்சர் பாடமே நடத்துறதில்ல' என்று பெற்றோர் குறைப்பட்டார்கள். ஆனால் 'இந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது?' என்ற கேள்வியை ஆசிரியர்களின் அன்றாடக் கேள்வியாக்கியது அந்த முறைதான். அதற்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பாடத்துக்கு முன்னால் உடம்பைப் பார்க்கவேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கும், அது சண்டையில் முடியும். காதில் சீழ் வடியும் பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது, திமிர் என்று பெயர் வாங்கும். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதி முடிகிறது. படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கினால் வீட்டில் நள்ளிரவிலேயே விளக்கு எரியும். பிள்ளை மறுநாள் இரண்டாம் மணியில் எரிந்து விழும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடிய பிறகு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சின்ன நெடிக்கும் பயந்து எழுந்தால் அதை ஒழுங்கீனம் என்று சொல்லமுடியுமா? பசியும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அது வந்த பிறகு முதல் மணி நேரச் சண்டைகள் குறைந்ததை என் நோட்டிலேயே காட்டமுடியும்.

அமைதியாக இருக்கும் பிள்ளையையும் பார்க்கவேண்டும். மணலிப் பக்கம் வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி, யாருக்கும் தொல்லை தராமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கரும்பலகையில் உள்ளதை அச்சு மாதிரி எழுதிவிடுவாள். படிக்கச் சொன்னால் ஓர் எழுத்தும் தெரியாது. அவளுக்கு எழுத்துகள் வெறும் படங்கள். சத்தம் போடும் பையனின் சிக்கல் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. இவளுடையது தெரிய மாதங்கள் ஆகும். சொல்லப்போனால் இவளைப் பற்றித்தான் அதிகம் பயப்படவேண்டும்.

இப்போது 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஜூன் மாதத்தில் அரும்பு என்று எழுதப்பட்ட பிள்ளை ஆண்டு முழுக்க அரும்பாகவே இருந்துவிடக் கூடாது. கணக்கில் மலராக இருக்கும் பிள்ளை தமிழில் அரும்பாக இருக்கலாம். அடிக்கவும் மனம் நோகப் பேசவும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 2009-இலேயே சொல்லிவிட்டது. பிரம்பைக் கீழே வைத்த கையில் அடுத்து எதை எடுப்பது என்பதை ஆசிரியர்களாகிய நாம்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

புதிதாக வேலையில் சேரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி திறந்த முதல் நாளில் பழைய ஆசிரியரிடம் 'யார் யார் சேட்டை?' என்று கேட்காதீர்கள். போன ஆண்டு நோட்டுகளை வாங்கி, தவறான விடைகளை மட்டும் ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள்.