பின்பாரம்

மாட்டு வண்டி பூட்டியவர்களுக்குப் பாரம் ஏற்றும் கணக்கு தெரியும். மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்னால் கூடிவிட்டால் நுகம் மேலே எழும்பி, கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும், அது பின்பாரம். ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து சந்தைக்கு வண்டி கிளம்பும் காலைகளில், அப்பா நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறி உட்காருவார். விமானம் ஓட்டக் கற்றபோது எனக்கு முதலில் கைகொடுத்தது அந்தக் கணக்குத்தான்.

காதர்பேட்டையில் ஐம்பது வருடமாகப் பனியன் வியாபாரம் செய்கிறேன். 1972-ல், எனக்கு 23 வயது. பெங்களூரை ஒட்டிய ஒரு பிளையிங் கிளப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு இரவு ரயிலேறுவேன். திங்கள் காலை மறுபடி கடையில் இருப்பேன். பைலட் வேலைக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. பறக்க வேண்டும், அவ்வளவுதான். அரசு மானியம் இருந்த காலம் அது; என்னைப் போன்றவர்களுக்கும் கட்டுப்படியானது.

அங்கே நான் ஓட்டியது புஷ்பக். பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனத்தில் வி.எம்.காட்கே தலைமையில் வடிவமைத்த விமானம். 1958 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. சுமார் 160 விமானங்கள் செய்து நாடு முழுக்கப் பிளையிங் கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, தலைக்கு மேலே இறக்கை, 90 குதிரைத்திறன் எஞ்சின். ஸ்டார்ட்டர் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் இழுத்துவிட வேண்டும். முன்பக்கம் இரண்டு பெரிய சக்கரம், வாலடியில் உள்ளங்கை அளவு ஒரு குட்டிச் சக்கரம்.

அந்தக் குட்டிச் சக்கரம்தான் விஷயம்.

இன்றைய பயிற்சி விமானங்களில் மூன்றாவது சக்கரம் மூக்கின் அடியில் இருக்கும். எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் விழும். தரையில் ஓடும்போது கொஞ்சம் கோணினாலும் எடையே அதை நேர்வழிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். வால் சக்கர விமானத்தில் எடை பெரிய சக்கரங்களுக்குப் பின்னால். அது பின்பார வண்டி. மூக்கு ஒரு விரல்கடை இடப்பக்கம் திரும்பினால், பின்னால் இருக்கும் பாரம் 'நான் நேராகத்தான் போவேன்' என்று முந்தப் பார்க்கும். அந்த ஒரு விரல்கடை ஒரு சாணாகும், சாண் முழமாகும். கடைசியில் வால் முன்னால் வந்து, விமானம் தன்னையே சுற்றிவிடும். அதைக் கிரவுண்ட் லூப் என்பார்கள். இறக்கை நுனி தரையில் உரசும். சில நேரம் சக்கரக் காலே ஒடியும்.

காதர்பேட்டைச் சந்துகளில் டி.வி.எஸ். 50-க்குப் பின்னால் ஆள் உயரம் பண்டல் கட்டிக்கொண்டு போகிற பையன்களைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். முன்சக்கரம் தரையில் பட்டும் படாமலும் இருக்கும். தெரிந்த பையன் ஹேண்டிலை வெடுக்கென்று திருப்ப மாட்டான். கொஞ்சம், கொஞ்சம், கொஞ்சம் என்று திருப்பிக்கொண்டே இருப்பான்.

என் பேத்தி, மகள் வயிற்றுப் பேத்தி, இங்கேயே தனியார் விமானி உரிமம் வாங்கினாள். நம் நாட்டில் அதற்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் செஸ்னா 172-லேயே முடித்தாள். அந்த செஸ்னாவுக்கு முந்தியது 170 என்ற வால் சக்கர விமானம்தான். 1950-களின் நடுவில் அதன் வால் சக்கரத்தை எடுத்துவிட்டு மூக்குச் சக்கரம் வைத்தார்கள்; 'லேண்ட்-ஓ-மேட்டிக்', தானே இறங்கும் என்கிற மாதிரி விளம்பரம் செய்தார்கள். உலகமே அந்தப் பக்கம் போய்விட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ உயிர் அதனால் தப்பியிருக்கும்.

போன வருடம் டெக்சாஸில் வேலை கிடைத்துப் போனவள் ஒரு ராத்திரி கூப்பிட்டாள். "அப்புச்சி, நீங்க ஓட்டுன மாதிரி வால் சக்கரத்துல ஓட்டிப் பழகோணும்னு ஆசைங்க. இங்க எங்க சொல்லித் தருவாங்கன்னு தேடிட்டு இருக்கேனுங்க."

இங்கே இருந்தபோதும் தேடியிருக்கிறாள். விசாரித்த பள்ளிகள் எல்லாவற்றிலும் செஸ்னா, டயமண்ட் என்று மூக்குச் சக்கரம்தான். அமெரிக்காவில் இதற்கென்று தனி விதி இருக்கிறது. 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே வால் சக்கர விமானத்தைப் பொறுப்பேற்று ஓட்டியவர்களைத் தவிர, மற்றவர்கள் பயிற்சி எடுத்து ஆசிரியரிடம் லாக்புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும். தேர்வு இல்லை. இத்தனை மணி நேரம் என்ற கணக்கும் இல்லை. நேர்க்காற்றிலும் பக்கக் காற்றிலும் ஏறி இறங்கத் தெரிய வேண்டும். இறங்குவது சரிப்படாவிட்டால் மறுபடி மேலே எழும்பத் தெரிய வேண்டும். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரை தொடும் இறக்கமும், முன்சக்கரம் இரண்டும் முதலில் தொட்டுப் பிறகு வால் தாழும் இறக்கமும் வர வேண்டும். ஆசிரியருக்கு நம்பிக்கை வந்த அன்று கையெழுத்து.

மணி நேரக் கணக்கு இல்லை என்று கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம். ஒரு வார இறுதியில் முடித்துத் தருவதாகச் சொல்லும் இடங்கள் இரண்டைக் கண்டுபிடித்திருந்தாள். எது விலை குறைவு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை, சொன்னேன்.

"கண்ணு, நம்ம கடைக்கு வர்றவங்க துணியை எப்படிப் பாக்கறாங்க? விலையை அப்புறம் கேப்பாங்க. முதல்ல இழுத்துப் பாத்து, விட்டா திரும்பிச் சுருங்குதான்னு பாப்பாங்க. நீயும் அப்படிப் பாரு."

என்னென்ன கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். சொல்லித் தருபவர் இப்போதும் வாரா வாரம் வால் சக்கரத்தில் பறக்கிறாரா? புல் ஓடுதளம் இருக்கிறதா? புல் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். தார் பிழையை உடனே பிடித்துக்கொள்ளும். இரண்டிலும் பழக வேண்டும். காற்று பக்கத்தில் அடிக்கிற நாளில் பாடத்தை ரத்து செய்வாரா, அந்த நாளைத்தான் தேடுவாரா? மாணவர் தடுமாறும்போது எவ்வளவு நேரம் தன் காலைப் பெடலில் வைக்காமல் பொறுத்திருப்பார்? இந்தக் கடைசிக் கேள்வியை ஆசிரியரிடம் கேட்காதே, அவரிடம் படித்தவரிடம் கேள் என்றும் எழுதியிருந்தேன். கையெழுத்து வாங்கிய பிறகும் தனியாக ஓட்ட விமானம் வாடகைக்குத் தருவார்களா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளச் சொன்னேன். இன்சூரன்ஸ் காரணத்தால் பல இடங்களில் தர மாட்டார்கள்.

இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயிற்சியின் இரண்டாம் வருடம், தனியாகப் பறந்துவிட்டு இறங்கினேன். வலப்பக்கமிருந்து காற்று. அழகாகத்தான் தரை தொட்டேன். மூன்று சக்கரமும் ஒன்றாகப் பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 'ஆயிற்று' என்று மனசு சொன்னது, கால் தளர்ந்தது. விமானம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூக்கு வலப்பக்கம், காற்று வந்த திசைக்கு, லேசாகத் திரும்பியதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு நொடி விட்டேன். அடுத்த நொடி உலகமே சுற்றியது. நின்றபோது இடது இறக்கை நுனி புழுதியில் இருந்தது. துணி ஒரு முழம் கிழிந்திருந்தது.

ஆமாம், துணி. புஷ்பக்கின் இறக்கை சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணிதான். அதைத் தைத்த வயதான மெக்கானிக் பக்கத்தில் மூன்று நாள் உட்கார வைத்தார்கள். வளைந்த ஊசி, மெழுகு பூசிய நூல். சட்டத்தின் ஒவ்வொரு விலா எலும்பையும் சுற்றி முடிச்சு. முடிச்சின் மேல் ஒட்டும் பட்டையின் ஓரம் பல்பல்லாக வெட்டியிருக்கும், நூல் பிரியாமலிருக்க. பிறகு டோப் என்கிற திரவத்தைப் பூசுவார்கள். காயக் காயத் துணி சுருங்கிப் பறை போல விறைக்கும். அதன் காட்டமான வாடை என் சட்டையை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது. பனியன்காரனாகிய எனக்கு அந்தத் துணியின் கணக்குதான் வியப்பு. இறக்கைக்குப் போடும் தரமான பருத்தித் துணியில் ஓர் அங்குல அகலப் பட்டை 80 ராத்தல், அதாவது சுமார் 36 கிலோ தாங்க வேண்டும். ஆந்திராவில் நரசாபுரம் பக்கத்தில் மாதவாயபாளையம் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரால் 'மடபோலம்' என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த பருத்தித் துணியை இரண்டாம் உலகப் போரில் மஸ்கிட்டோ விமானத்தின் மர உடம்பின் மேல் போர்த்தி டோப் பூசினார்கள். இப்போது பாலியஸ்டர் வந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி வைத்துச் சூட்டில் சுருக்குகிறார்கள். நம் அயர்ன் மாஸ்டர்களுக்கு வாய்த்த வேலை.

மெக்கானிக் அந்த மூன்று நாளும் என்னைத் திட்டவில்லை. கடைசி முடிச்சைப் போடும்போது மட்டும் ஒன்று கேட்டார்: "எப்ப தம்பி காலைத் தளர விட்டீங்க?" நான் சொன்னேன். "அப்பத்தான் கூடுதலா மிதிச்சிருக்கணும்" என்றார்.

அந்தப் பாடத்தை நான் முழுசாகக் கற்றுக்கொண்டேனா என்றால் இல்லை. 1980-களில் எக்ஸ்போர்ட் ஆர்டர் செய்யத் தொடங்கினேன். மெஷின், நூல், சாயம் எல்லாம் கடனில்; பாரம் முழுக்கப் பின்னால். ஒரு நேவி ப்ளூ ஆர்டரில் கட்டிங் மாஸ்டர் இரண்டு ரோலை வெயிலில் விரித்துக் காட்டினார். "ஷேடு லேசா மாறுதுங்க." எனக்கும் தெரிந்தது. தேதி நெருங்கியிருந்தது. ஒரு துவையலில் சரியாகிவிடும், வெட்டுங்கள் என்றேன். உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலமாகத் தைத்து முடித்த அத்தனை பீஸும் செக்கிங்கில் நின்றது. இதே காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் போட்டுவிட்டுக் கடனை அடைக்க நாலு வருடம் ஆனது. மூக்கு லேசாகத் திரும்பியதை அன்றும் நான் பார்த்தேன்.

பேத்தி கடைசியில் விலை கூடின இடத்தில்தான் சேர்ந்தாள். மஞ்சள் நிறப் பைப்பர் கப், 65 குதிரைத்திறன், 1930-களில் வந்த வடிவம். மாணவர் பின் இருக்கை, ஆசிரியர் முன் இருக்கை. மூக்கு நிமிர்ந்து நிற்பதால் முன்னால் எதுவும் தெரியாது. தரையில் போகும்போது பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போய் இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்க வேண்டும். முதல் வாரம் போனில் அழுதாள். "செஸ்னாவுல இத்தனை நாளா என் காலு தூங்கிட்டே இருந்துச்சுங்க அப்புச்சி." அவள் சொன்னதிலேயே எனக்கு அதிகம் பிடித்தது அதுதான். கால் விழித்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

நேற்று மத்தியானம் ஒரு வீடியோ அனுப்பினாள். முதல் தடவை தனியாக இறங்குகிறாள். கடையில் கூட்டம், எதிரே பையன் வண்டியில் பண்டல் ஏற்றிக்கொண்டிருந்தான். மஞ்சள் விமானம் புல்லைத் தொட்டது. மூன்று சக்கரமும் ஒன்றாக. மேஜைக்கு அடியில் என் இரண்டு காலும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தன. ஈரோட்டுக்காரர் ஒருவர் ரவுண்ட் நெக் டஜன் என்ன விலை என்று இரண்டாவது முறை கேட்டார்.

"ஒரு நிமிஷம் பொறுங்க. வண்டி இன்னும் நிக்கலைங்க."