ஒரு கேலக்ஸியும் ஒரு ரயில்வே கேட்டும்

காலேஜ் இரண்டாம் வருஷம், ஹாஸ்டலில் ஒரு சீனியர் வைத்திருந்த புத்தகத்தில்தான் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸியை முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். டேனியல் வாலஸும் ஜேசன் ஃப்ரையும் சேர்ந்து 2009இல் கொண்டுவந்த அட்லஸ். இல்லாத ஒரு சுருள் கேலக்ஸிக்கு, ஸ்கூல் அட்லஸ் மாதிரியே கட்டம் போட்டு எழுத்தும் எண்ணும் கொடுத்திருந்தார்கள். டாட்டூயின் எங்கே என்று கேட்டால் ஆர்-16 என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். எங்கள் ஊரை எந்த மேப்பில் தேடினாலும் ரயில் பாதை மட்டும் ஓடும், பேர் இருக்காது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

1977இல் வந்த முதல் படத்தில் மேப் என்று ஒன்றும் கிடையாது. பிரபஞ்சத்துக்குப் பிரகாசமான ஒரு மையம் இருந்தால், அதிலிருந்து ரொம்பத் தள்ளி இருப்பது எங்கள் கிரகம்தான் என்று லூக் சலித்துக்கொள்வான், அவ்வளவுதான். மையம் எது, ஓரம் எது என்பதெல்லாம் பின்னால் வந்த நாவல்களும் விளையாட்டுகளும் சேர்த்தவை. தலைநகரத்துக்கு கொரஸன்ட் என்ற பெயரே 1991இல் டிமத்தி ஸான் எழுதிய நாவலில்தான் வந்தது. அதன் ஆயத்தொலைவு பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். ஆனால் மேப்பைப் பார்த்தால் கொரஸன்ட் நடுவில் இல்லை! நிஜ நடுவில் இருப்பது டீப் கோர். நட்சத்திரங்கள் நெருக்கியடித்து, கப்பல் ஓட்டவே பயப்படும் இடம். தலைநகரம் அதிலிருந்து ஒதுங்கி உட்கார்ந்துகொண்டு, எண்ண ஆரம்பிக்கிற இடத்தை மட்டும் தன் காலடியில் வைத்துக்கொண்டது. கிரீனிச் காரர்கள் செய்யாததா என்ன.

என்னை அதிகம் இழுத்தது அந்த மேப்பின் கோடுகள். ஒளி அந்தக் கேலக்ஸியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும். கப்பல்கள் ஹைப்பர்ஸ்பேஸில் சில நாளில் போய்விடும். ஆனால் நினைத்த பக்கமெல்லாம் பாய முடியாது, கணக்கு தப்பினால் நேராக ஒரு நட்சத்திரத்துக்குள் போய்விடுவோம் என்று ஹான் சோலோ லூக்கைத் திட்டுவான். அதனால் தெரிந்த பாதைகள்தான் எல்லாம்: கொரெல்லியன் ரன், ஹைடியன் வே, பெர்லெமியன் வணிகப் பாதை. பாதை மேல் இருக்கும் கிரகத்தில் துறைமுகம், சந்தை, காசு. பாதையை விட்டுத் தள்ளி இருந்தால், பக்கத்திலேயே இருந்தாலும் தூரம்தான். பார்க்க கேலக்ஸி மாதிரி இருந்தாலும் அது ஒரு ரோடு மேப்.

இதைப் படித்தபோது பெரியப்பா ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை. இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். அப்புறம் எங்கள் ஊர் ரயில்வே கேட்டை ஒட்டி டீக்கடை போட்டார். கேட் போட்டதும் பஸ், லாரி, கார் எல்லாம் வரிசையாக நிற்கும். டீ கிளாஸ் மாட்டிய கம்பித் தட்டோடு நான் பஸ் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடுவேன். அவித்த கடலை, வெள்ளரிப்பிஞ்சு, முறுக்கு விற்கிறவர்கள் எல்லாம் எங்கிருந்துதான் முளைப்பார்களோ. கூட்ஸ் வண்டி என்றால் கொண்டாட்டம், அது போய் முடிய நேரமாகும். கேட் திறந்ததும் பத்து நிமிஷத்தில் தெரு வெறிச்சோடிவிடும். அடுத்த ரயிலுக்குத் திரும்ப வரிசை. வண்டிகள் வேறு, வரிசை அதே இடத்தில்.

நிஜ கேலக்ஸிகளின் சுருள் கைகளும் இப்படித்தான் என்று பிறகு படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கைகள் நட்சத்திரங்களால் கட்டிய நிலையான பொருளாக இருந்தால், உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சீக்கிரம் சுற்றி முடிப்பதால் சில சுற்றுகளிலேயே நூல் மாதிரி இறுகிச் சுருண்டு காணாமல் போயிருக்க வேண்டும். 1964இல் லின், ஷூ என்ற இருவர் அந்தக் கை ஓர் அலை என்றார்கள். நட்சத்திரங்கள் அதற்குள் வந்து, நெருங்கி, வெளியே போய்விடும். நெரிசல் மட்டும் நிற்கும். அந்த நெரிசலில் வாயு அமுங்கி, புது நட்சத்திரங்கள் பிறக்கும். அதில் பெரிய நீல நட்சத்திரங்கள் நெரிசலைத் தாண்டுவதற்குள்ளேயே எரிந்து முடிந்துவிடும். அதனால்தான் கை மட்டும் அப்படி ஜொலிக்கிறது. எல்லாக் கேலக்ஸிக்கும் இது பொருந்துமா, கைகள் நிலைக்குமா, கலைந்து கலைந்து உருவாகுமா என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். எனக்கு கேட் ஞாபகம்தான்.

நான் மூன்றாம் வருஷம் போனபோது பைபாஸ் திறந்தாச்சு, ரயில் பாதைக்கு மேல் பாலத்தோடு. ஊருக்குள் வண்டி வருவதே நின்றது. முதலில் கடலைக்காரர்கள் போனார்கள். பெரியப்பா ஒன்றரை வருஷம் தாக்குப் பிடித்தார். யாரையும் குறை சொன்னதில்லை. “நான் லாரி ஓட்டுறப்ப இந்த கேட்ட எவ்ளோ திட்டிருக்கேன் தெரியுமா” என்பார்.

கடை மூடின அந்த லீவில் 2002இல் வந்த படத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். அதில் ஓபி-வானுக்கு ஒரு விஷ ஊசி எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். ஜெடாய்களின் எந்திரங்களுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுக் கடை நடத்தும் டெக்ஸ், பார்த்ததுமே கமினோ என்கிறான். நூலகத்தில் போய்த் தேடினால் மேப்பில் அந்தக் கிரகமே இல்லை. எங்கள் பதிவில் இல்லையென்றால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறார் நூலகர்.

பெரியப்பா சிரித்துவிட்டார். “அந்த கடக்காரன் முன்னாடி லாரி ஓட்டிருப்பான்டா.”

“ஓரத்துக்கும் அந்தப் பக்கம் சுரங்க வேலைக்குப் போனவன் பெரியப்பா.”

“அதான பாத்தேன்.”

மறுநாள் கேலக்ஸி மேப்பை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கிரகங்களை அவர் பார்க்கவே இல்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கோடுகளின் மேல் விரலை ஓட்டினார்.

“இதெல்லாம் ரோடா?”

“ஆமா பெரியப்பா.”

“அப்ப ரோட்டுக்கு வெளிய இருக்கவன் என்ன பண்ணுவான்?”

படத்தில் அவன் கடத்தல்காரன் ஆவான், இல்லையென்றால் ஜெடாய் ஆவான். இதை எப்படிச் சொல்வது என்று முழித்தேன். அவர் அதற்குள் என் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, கொரெல்லியன் ரன்னுக்குக் குறுக்கே, டாட்டூயினுக்குக் கொஞ்சம் முன்னால், சின்னதாக இரண்டு கோடு போட்டார்.

“இங்க ஒரு கேட் போட்டுரு. அந்த ஓட்டக் கப்பலா இருந்தாலும் நின்னுதான ஆகணும்.”