மைசூரில் ஒரு வீடு

கென்யா தேசத்து நைரோபி நகரில் பல்லாண்டுகளாகத் தேவ ஊழியம் செய்துவரும் நாங்கள், மைசூரில் புனித பிலோமினா பேராலயத்து மணியோசை கேட்கும் தூரத்தில் ஒரு சிறு வீட்டைச் சென்ற மாதம் வாங்கினோம். அயல்நாட்டில் வசிக்கும் இந்தியப் பிரஜைக்கு வீடு வாங்கத் தடையில்லை. விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும்தான் வாங்கலாகாது. தூதரக அதிகாரி முன்னிலையில் கையொப்பமிட்ட அதிகாரப் பத்திரத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். அதற்கு மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தி, வில்லங்கச் சான்றையும் இ-காத்தா என்னும் மின்னணுச் சொத்துப் பதிவையும் வரிவரியாகப் படித்த பிறகே அவன் சார்பதிவாளர் எதிரே அமர்ந்தான்.

ஊழியக்காரனுக்குச் சொந்த வீடு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியவன்தான். 1799 முதல் இதே மைசூர்ச் சீமையில் இந்நாட்டு உடை தரித்து, மரக்கறி உண்டு ஊழியம் செய்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆபே துபுவா, இந்தியாவில் 31 ஆண்டுகள் கழித்து 1823-இல் தாயகம் திரும்பியபோது, பாரிசில் அவருடைய சபையின் இல்லம் அவரை ஏற்றுக்கொண்டது. குடும்பஸ்தனுக்கு அத்தகைய ஆசிரயம் ஏது?

தம்பி அனுப்பிய படத்தில், பின்கட்டுச் சுவரோரம் ஒரு கறிவேப்பிலைக் கன்று. என் மனைவி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தினமும் தண்ணி ஊத்தச் சொல்லுங்க" என்றாள்.