வால் யாருடையது?

என் உடம்பே என் தைராய்டு சுரப்பியை அந்நியன் என்று நினைத்து அடிக்கிறதாம். ஹாஷிமோட்டோ என்று பெயர். தினம் ஒரு தைராக்ஸின் மாத்திரை. டாக்டர் ரெண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். 'சொந்த வீட்டு ஆளையே அடையாளம் தெரியாமப் போகுமா சார்?' என்று கேட்க வாய் வரவில்லை. அதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் ஒரு தவளையிடம் வந்து நின்றேன்.

ஜெனோபஸ், ஆப்பிரிக்க நகத்தவளை. அதன் தலைப்பிரட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். கண்ணுக்குப் பின்னால், தோலுக்கு அடியிலேயே, பக்கத்துக்கு ஒன்றாகத் தைமஸ் சுரப்பி. டி செல்களுக்குப் பள்ளிக்கூடம் அதுதான். சொந்த உடம்பைப் பார்த்தே சீறுகிற செல்களில் பெரும்பாலானவை அங்கேயே சாகின்றன. முட்டை பொரித்த சில நாளில் தைமஸை நீக்கிவிட்டால், பிறகு வேறு தவளையின் தோலை ஒட்டினாலும் அந்த உடம்புக்குச் சரியாகச் சண்டை போடத் தெரியாது.

சிக்கல் உருமாற்றத்தில் வருகிறது. வால் போய்க் கால் வரும்போது ஹீமோகுளோபின்கூட வேறாகிவிடுகிறது. தலைப்பிரட்டைக்குச் சொல்லிக்கொடுத்த 'சொந்தம்' பட்டியல் தவளைக்குப் போதாது. பழைய டி செல்களை அப்படியே விட்டால் புது உடம்பையே தாக்கக்கூடும். ஆகவே தைமஸ் சுருங்குகிறது. அதிலிருந்த லிம்போசைட்டுகளில் பெரும்பகுதி அழிகிறது. பிறகு புதிய செல்கள் குடியேறி, முதலிலிருந்து பாடம்.

இந்த உருமாற்றத்தை முடுக்கிவிடுவது எது? தைராய்டு ஹார்மோன்! 1912-லேயே குடர்நாட்ச் என்பவர் குதிரையின் தைராய்டை ஊட்டி, தலைப்பிரட்டைகளை அவசரமாகத் தவளையாக்கிக் காட்டினார். நான் விழுங்குவதும் அந்தச் சரக்குதான். எனக்கு ஒன்றும் முளைக்கவில்லை, களைப்பு மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மனிதத் தைமஸ் வயதாக ஆகக் கொழுப்பேறிச் சுருங்குவதோடு சரி. பழைய மாணவர்களைக் கலைத்துவிட்டுப் புதுசாகப் பள்ளி தொடங்குவதில்லை. எனக்குத் தவளை மேல் பொறாமைதான்.

ஆனால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள், தலைப்பிரட்டையின் வால் தோலை, மரபளவில் அதேபோன்ற வளர்ந்த தவளைக்கு ஒட்டிப் பார்த்தார்கள். தவளை ஏற்கவில்லை. காரணமான வால் புரதங்களுக்கு 'ஊரோ' என்று பெயரிட்டு 2009-ல் எழுதினார்கள். வால் மறைவதற்கு ஹார்மோனே போதும், நோய் எதிர்ப்பைக் கூப்பிட வேண்டியதில்லை என்பவர்களும் உண்டு. எப்படியோ, சில வாரங்களுக்கு முன்பு தன்னை நீந்தவைத்த வாலை அந்தத் தவளைக்கு யாரென்றே தெரியவில்லை.