கதவுக்குப் பின்னால் இருந்த தாள்



ஓகஸ்ட் லீவில் நாங்கள் குடும்பமாகக் கிரெனடா போய் வந்தது ஊரில் பலருக்குத் தெரியும். "அங்க என்ன சேர் பார்த்தீங்க?" என்று கேட்டவர்களிடம் சாதிக்காய்த் தோட்டம், கடற்கரை என்று சொல்லிச் சமாளித்தேன். சரியான பதிலை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

மனைவியின் தம்பி அங்கே மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. எங்கட அம்பாறை மாவட்டத்துக்குள் பத்துத் தரத்துக்கு மேல் அடங்கும். மச்சானின் வீட்டில் இடம் போதாததால், குவாவ் என்ற மீன்பிடி ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் நாலு நாள் தங்கினோம். மொத்தமே மூன்று அறைதான். அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா தனியாக நடத்துகிறா.

அந்த நாட்டின் பேர்போன சாப்பாடு 'ஒயில் டவுன்'. ஈரப்பலாக்காயை மஞ்சள் போட்டுத் தேங்காய்ப்பால் வற்றும்வரை அவிப்பார்கள். கூடவே உப்பிட்ட இறைச்சி, அனேகமாகப் பன்றி. எங்கள் விஷயத்தைச் சொன்னதும் அவ வேறு சட்டி எடுத்து, இறைச்சிக்குப் பதிலாகக் கருவாடு போட்டுச் சமைத்துத் தந்தா. ஒரு வாய் வைத்ததும் மனைவி, "இது எங்கட உம்மாட கறிதானே" என்றா.

விடுதி தீவின் மேற்குக் கரையில். அங்கிருந்து கிப்லா கிழக்குப் பக்கம். ஊரில் கடல் கிழக்கே, கிப்லா மேற்கே. இரண்டு இடத்திலும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் தொழ வேண்டும். எனக்கு அது வசதிதான். 2004க்குப் பிறகு நான் கடலை நின்று பார்த்ததில்லை.

அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சூறாவளி வந்தால் என்ன செய்வது, தண்ணீர், டோர்ச், ஆவணங்களை எப்படி வைப்பது, எங்கே ஓடுவது என்று. இரவுச் சாப்பாட்டில் சின்ன மகன் அதைப் பற்றிக் கேட்டான். அந்த அம்மா கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தா.

2004 செப்டம்பர் 7. ஐவன் சூறாவளி. தீவில் பத்து வீட்டில் ஒன்பது சேதம். இவவின் கூரை பறந்தது. மேசைக்குக் கீழே இருந்து உயிர் தப்பினா. விடிந்து பார்த்தால் மலையில் ஒரு பச்சை இலை இல்லை. சாதிக்காய் மரங்களெல்லாம் சரிந்து கிடந்தன. திரும்ப நட்டால் காய்க்க ஏழெட்டு வருஷம். நட்டிருக்கிறா.

"ஆனால் மகன், எனக்குக் கோபம் காற்றில் இல்லை" என்றா. "1955ல் ஜெனட் என்ற சூறாவளி இந்தத் தீவை அழித்தது. என் அம்மா அதற்குள் இருந்து தப்பியவ. எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஐவன் வருகுது என்று ரேடியோ சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அவ சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டோம்."

எனக்குத் தொண்டைக்குள் சோறு இறங்கவில்லை.

நான் புவியியல் வாத்தியார். தட்டுகள், 9.1 அளவு நிலநடுக்கம் எல்லாம் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறேன். இந்தோனேசியாவின் சிமெலு தீவில் 1907ல் வந்த அலையின் கதையைப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்ததால், 2004ல் சனம் மேட்டுக்கு ஓடித் தப்பியதையும் படிப்பிக்கிறேன். வீட்டில் என் பிள்ளைகளுக்குத் தெரிந்ததோ ஒரு வரிதான்: ஒரு மாமி சுனாமியில் மௌத்து.

மகள் என்னைப் பார்த்தாள். "வாப்பா, மாமிக்கு என்ன நடந்த?"

சொன்னேன். அன்று ஞாயிறு, போயா. நான் உள்ளூரில் இருந்த கூட்டாளியின் வீட்டுக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டேன். பதினொரு வயதுத் தங்கச்சி படலை வரை ஓடி வந்து, "நானா, நானும் வாறன்" என்றாள். "சைக்கிள்ள இடமில்ல" என்றேன்.

இடம் இருந்தது.

இருபது வருஷத்துக்கு மேலாக மனைவிக்குக்கூடச் சொல்லாத சொல் அது. யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. மகள் எழும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு வைத்திருப்பது தங்கச்சியின் பெயர்.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு நாங்கள் நாலு பேரும் கரையில் இருந்தோம். சூரியன் கடலுக்குள் இறங்கும்வரை பார்த்தேன்.

ஊருக்கு வந்ததும் மகள் நேரே வாப்பும்மாவிடம் போய், "மாமி எப்படி இருப்பா?" என்று கேட்டுவிட்டாள். உம்மா உடைந்து போவா என்று பயந்து கதவடியில் நின்றேன். அழத்தான் செய்தா. பிறகு, ஊறுகாய்ப் போத்தலைக் களவாக எடுத்துக் கட்டிலுக்குக் கீழே ஒளித்தவள் என்று சொல்லிச் சிரித்தா. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷம்!

நம்ம கரையில் சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது உயர்தரம் முடித்துவிட்டார்கள். கடல் பின்வாங்கியபோது மீன் பொறுக்க ஓடியவர்களை அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நான் நடத்தும் பாடம் அல்ல, நாம்தான். உங்கள் வீட்டிலும் சொல்லாத கதை இருந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அழுகை வந்தாலும் பரவாயில்லை.

நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்கு அல்லாஹ் உயர்ந்த சுவனத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.