காதின்மேல் குற்றமா?

புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நம்மவர் வழக்கம். அவ்வறியாமையை நாம் பலமுறை கண்டித்திருக்கின்றோம். ஆனால் அதே அறியாமை கையில் ஸ்கேனர் கருவியை ஏந்திக்கொண்டும் வருவதை ஈப்போவின் பட்டறைகள் சிலவற்றில் காண்கின்றோம்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பாரத்தோடு ஏறும் வண்டியின் இயந்திரத்தில் சில வேளைகளில் தட்டும் ஓசை எழும். காரணம் யாது? ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி வந்து சேருமுன்னரே, சிலிண்டரின் கோடியில் மிஞ்சிய பெட்ரோல் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே பற்றி வெடிக்கின்றது. இது நீடித்தால் பிஸ்டன் பழுதாகும். இவ்வோசையைக் கேட்பதற்கென்று இயந்திரத்தின் உடலில் திருகி வைத்த காதே நாக் சென்சார். அதனுள் இருக்கும் படிகம் அதிர்ச்சியுற்றால் மின்சாரத்தைப் பிறப்பிக்கும். இவ்வியல்பை 1880 இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். அச்செய்தி எட்டியதும் வண்டியின் கணினி தீப்பொறியைச் சற்றே தாமதப்படுத்தி ஓசையை அடக்கிவிடும்.

இக்காது கெட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். கணினி பெரும்பாலும் முன்னெச்சரிக்கையாகத் தீப்பொறியைத் தாமதித்தே வைக்கும். இழுவை குன்றும், பெட்ரோல் செலவு ஏறும். ஸ்கேனரில் பி 0325 என்னும் எண் தோன்றும். உடனே, “சென்சார் போய்விட்டது” என்று தீர்ப்பளித்துப் புதியதை மாட்டுகின்றனர். சின்னாட்களில் விளக்கு மீண்டும் எரிகின்றது! தோட்டத்தை விட்டு வந்து வேன் ஓட்டிப் பிழைக்கும் தோழருக்கு அப்பணம் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கென வைத்ததாயிருக்கும்.

அவ்வெண் சொல்வதெல்லாம், சென்சாரின் மின்சுற்றில் குறை உண்டு என்பது மட்டுமே. கம்பியை எலி கடித்திருக்கலாம். மழை ஈரத்தால் இணைப்பில் களிம்பேறியிருக்கலாம். சென்சார் அமரும் இடத்தில் துருப் படிந்தாலும், திருகாணி உரிய அளவுக்கு மேலோ கீழோ இறுகினாலும் கேள்வி மந்தமாகும். பல வண்டிகளில் அவ்வளவு ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர். இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்த பின்னரன்றோ சென்சாரைக் குற்றஞ்சாட்ட வேண்டும்? ஓசை மெய்யாகவே எழுமானால் பெட்ரோலின் தரம், இயந்திரத்தின் சூடு, உள்ளே படிந்த கரி ஆகியவற்றையே ஆராய்தல் வேண்டும்.

ஆகவே, தோழர்களே, பணம் கொடுக்குமுன், “எதை எதைச் சோதித்தீர்?” என்று கேளுங்கள். பட்டறையில் தொழில் பயிலும் நம் இளைஞர்களும் அக்கேள்விக்கு விடை கூறும் ஆற்றலைப் பெறுவார்களாக. காரணம் கேளாமல் நம்புவது எலுமிச்சம்பழத்தையாயினும் எண்ணையாயினும் மூடநம்பிக்கையே.